13 வயது மகள் ‘அட்டாக் ஆன் டைட்டன்’ பார்க்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. வகுப்பில் எல்லோரும் ‘அட்டாக் ஆன் டைட்டன்’ என்ற ஜப்பானிய அனிமே தொடரைப் பார்த்து முடித்துவிட்டார்களாம். தானும் பார்க்க வேண்டும் என்று ஒரு மாதமாக நச்சரிக்கிறாள். 16 வயது அண்ணன் பார்க்கிறான். அவனை நான் தடுக்கவில்லை. சரி, அப்படி என்னதான் இருக்கிறது என்று முதல் எபிசோடை நானே போட்டுப் பார்த்தேன். ஒரு ராட்சதன், பிள்ளைகள் கண்முன்னாலேயே அவர்களின் அம்மாவைத் தின்கிறான். டிவியை அணைத்துவிட்டு, “இனி இந்தப் பேச்சே வேண்டாம்” என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து மகள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. “உனக்கு எல்லாத்துக்கும் பயம்” என்கிறாள். போன வருடம் எனக்கு ஆபரேஷன் ஆகி நாலைந்து மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்தேன். அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு இந்த அனிமே பழக்கமே வந்தது. வீட்டில் 6 வயதுப் பையனும் இருக்கிறான். நான் செய்தது சரியா? இந்த மாதிரித் தொடர்கள் எந்த வயதுக்கு ஏற்றவை என்று எதை வைத்து முடிவு செய்வது?

பதில் (குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கான உளவியல் ஆலோசகர்):

நேரடிப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 13 வயதுப் பெண் இந்தத் தொடரை முதலிலிருந்து கடைசிவரை தனியாக உட்கார்ந்து பார்ப்பதை நான் ஏற்க மாட்டேன். முதல் சீசனை உங்களோடு சேர்ந்து பார்க்கலாம். அது எப்போது என்பது, உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுக் கடந்துபோன ஒரு வரியைப் பொறுத்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். கடைசி சீசனுக்கு 16 வயதாவது ஆகட்டும். ஆக, நீங்கள் தயங்கியதில் தவறில்லை. “இந்தப் பேச்சே வேண்டாம்” என்றீர்களே, அதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். அவள் இதைப் பார்க்கப்போவது எப்படியும் நடக்கும். இன்று இல்லாவிட்டால் நாளை, இங்கே இல்லாவிட்டால் தோழி வீட்டில். பார்த்தபின் மனதில் தைத்ததைச் சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறதா என்பதுதான் என் கவலை.

இனி கதையை ஓரளவு சொல்லித்தான் ஆக வேண்டும். உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. மகளிடம் மட்டும் உளறிவிடாதீர்கள்.

நீங்கள் பாதியில் அணைத்த அந்தக் காட்சியிலிருந்தே தொடங்குவோம். கதையின் நாயகன் எரனுக்கு அப்போது 10 வயது. ஊரைச் சுற்றிய சுவர் உடைந்து, பறந்து வந்த பாறை வீட்டின்மேல் விழுந்து, அம்மாவின் கால்கள் இடிபாட்டில் மாட்டிக்கொள்கின்றன. எரனும் அவன் வீட்டில் வளரும் மிகாசாவும் மரக்கட்டையைத் தூக்கப் பார்க்கிறார்கள், முடியவில்லை. “என்னை விட்டுவிட்டு ஓடுங்கள்” என்று அம்மா கத்துகிறாள். தெரிந்தவரான ஒரு காவல் வீரர் டைட்டனோடு, அதாவது அந்த ராட்சதனோடு, சண்டை போடப் போகிறார்; அருகில் போனதும் பயத்தில் உறைந்துபோய்த் திரும்பி வந்து, பிள்ளைகள் இருவரையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். அவர்கள் கொஞ்ச தூரம் போனதும், அந்த அம்மா தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, பிள்ளைகளுக்குக் கேட்காதபடி “போகாதீர்கள்” என்று முனகுகிறாள். அதன்பிறகுதான் டைட்டன் அவளைத் தூக்குகிறது.

பெரும்பாலான பெற்றோர் இந்த இடத்தில் ரத்தத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் அந்தப் பொத்திய வாயைப் பார்க்கச் சொல்வேன். இந்தத் தொடரில் சாவு மலிவானது கிடையாது. செத்தவர் எண்ணிக்கையாகிப் போகாமல், யாரோ ஒருவருடைய அம்மாவாக, மகளாக, தோழனாகச் சாகிறார். மிஞ்சியவர்கள் பல சீசன்கள் கழித்தும் அதைச் சுமந்துகொண்டு திரிகிறார்கள். ஒரு தொடரை எடைபோடும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான்: கொல்லப்பட்டவருக்காகக் கதையில் யாராவது அழுகிறார்களா? கொன்றவனுக்குக் கொஞ்சமாவது கை நடுங்குகிறதா? அடுத்த எபிசோடில் அந்தச் சாவு நினைவில் இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு ஆம் என்று பதில் வரும் தொடர், ரத்தம் அதிகமாக இருந்தாலும் பிள்ளையின் மனதைக் கெட்டிப்படுத்தாது. ரத்தமே காட்டாமல், நூறு பேரைச் சுட்டுத் தள்ளிவிட்டு நாயகன் சிரித்தபடி நடந்துபோகும் படங்களைக் குடும்பத்தோடு பார்க்கிறோம். எனக்கு அவைதான் உறுத்துகின்றன.

ஆனால் கனமான சாவுக்கு ஒரு விலை உண்டு. அது மனதை அறுக்கும். அதைத் தாங்க வயது வேண்டும்.

எந்த வயதில் எது பயமுறுத்தும் என்பது பலரும் நினைப்பதுபோல இருப்பதில்லை. 6, 7 வயதுவரை தோற்றம்தான் பயம். கோரமான முகம், பெரிய பல், திடீர்ச் சத்தம் இவையே போதும். “அது பொம்மைதான்டா, நிஜம் இல்லை” என்று எவ்வளவு சொன்னாலும் அந்த வயதில் வேலைக்கு ஆகாது. மடியில் உட்காரவைத்து டிவியை அணைப்பது வேலைக்கு ஆகும். 9, 10 வயதுக்கு மேல் உண்மையில் நடக்கக்கூடியது பயமுறுத்தத் தொடங்குகிறது: விபத்து, கடத்தல், பெற்றோரின் சாவு. பதின்ம வயதில் இன்னும் ஒருபடி மேலே போய், நம்பிக்கைத் துரோகம், போர், இந்த உலகம் நியாயமானதா என்ற சந்தேகம் இவையெல்லாம் சேர்ந்துகொள்கின்றன. ஆகவே ஒரே எபிசோடை உங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகளும் பார்த்தால் மூன்று வெவ்வேறு கதைகளைத்தான் பார்ப்பார்கள். சின்னவனுக்கு டைட்டனின் சிரிப்பு கனவில் வரும். மகளுக்கு அம்மா தனியாக விடப்பட்டது வரும். பெரியவனுக்கு, ஓடிப்போன அந்தக் காவல் வீரர் செய்தது சரியா தப்பா என்ற கேள்வி வரும்.

இந்தப் பயம் நாலு நாளில் போய்விடும் என்றும் நினைக்க வேண்டாம். 1999இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கல்லூரி மாணவர்களிடம் சின்ன வயதில் திரையில் பார்த்துப் பயந்தது பற்றிக் கேட்டார்கள். 10 பேரில் 9 பேருக்கு அப்படி ஒன்று நினைவில் இருந்தது. நாலில் ஒருவருக்கு அந்தப் பதற்றம் அப்போதும் முழுதாகப் போகவில்லை.

இனி வயது முத்திரை விஷயம். அதைப் பார்க்க வேண்டும், அதை மட்டும் நம்பக்கூடாது. ‘டீமன் ஸ்லேயர்’ தொடரின் ‘முகன் டிரெய்ன்’ படம் 2020இல் வந்தபோது ஜப்பான் அதற்கு பிஜி12 கொடுத்தது. அதாவது 12 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் துணை வேண்டும். அதே படத்துக்கு அமெரிக்கா ஆர் கொடுத்தது. 17 வயது ஆகாதவர்கள் பெரியவர் துணையோடுதான் போக முடியும். படம் ஒன்று, ஒரு வெட்டும் கிடையாது, முத்திரையில் மட்டும் 5 வயது இடைவெளி. ‘மேட் இன் அபிஸ்’ என்று இன்னொன்று. உருண்டைக் கன்னமும் பெரிய கண்ணுமாகச் சின்னப் பிள்ளைகள், படக்கதைப் புத்தகம் போன்ற காடு. போஸ்டரைப் பார்த்தால் 6 வயதுப் பிள்ளைக்கு வைத்துவிடத் தோன்றும். அதன் 2020 படத்துக்கு ஜப்பானிலேயே ஆர்15+ கொடுத்தார்கள், அதாவது 15 வயதுக்குக் கீழே அனுமதியே இல்லை. அந்தப் பிள்ளைகள் படும் சித்திரவதையைப் பெரியவர்களே பார்க்கத் திணறுவார்கள். இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ‘ஷோனென்’ என்றால் சிறுவர்களுக்கானது என்று யாரோ சொல்லக் கேட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அது அந்த மங்கா (ஜப்பானியப் படக்கதை) எந்த வாசகர்களுக்கான பத்திரிகையில் வந்தது என்பதைக் குறிக்கும் சொல். உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்தத் தொடரின் மங்காவும் 2009இலிருந்து 2021வரை ஒரு ஷோனென் பத்திரிகையில்தான் வந்தது. அதே கதை அனிமேயாகி 2013இல் ஜப்பான் தொலைக்காட்சிக்கு வந்தபோது நள்ளிரவு தாண்டித்தான் ஒளிபரப்பினார்கள்.

நீங்கள் முதல் எபிசோடை வைத்து முடிவெடுத்தீர்கள். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். இந்தத் தொடரைப் பொறுத்தவரை அது போதாது. ஏனென்றால் இதில் டைட்டன் மனிதரைத் தின்பது சுலபமான பகுதி.

6ஆவது எபிசோடைப் பாருங்கள். அதன் மையத்தில் டைட்டன் இல்லை. மிகாசா எப்படி எரன் வீட்டுக்கு வந்தாள் என்ற பழைய கதை. ஆட்கடத்தல்காரர்கள் வீடு புகுந்து அவளுடைய அப்பா அம்மாவைக் கொன்றுவிட்டு அவளை விற்பதற்காகத் தூக்கிப்போகிறார்கள். 9 வயது எரன் அங்கே போய் இரண்டு பேரைக் கத்தியால் கொல்கிறான். மூன்றாமவன் எரனின் கழுத்தை நெரிக்க, அந்தச் சிறுமி கத்தியை எடுக்கிறாள். என்னைக் கேட்டால் முதல் எபிசோடைவிட இதுதான் பெற்றோர் கட்டாயம் பார்த்து முடிவெடுக்க வேண்டிய இடம். குழந்தைகள் மனிதர்களைக் கொல்கிறார்கள். கதை அவர்கள் பக்கம் நிற்கிறது. பார்க்கும் நமக்கும் “அப்பாடா” என்றிருக்கிறது. அந்த “அப்பாடா”வைப் பற்றி 13 வயதுப் பெண்ணோடு யாராவது பேச வேண்டும்.

இரண்டாம் சீசனில் இன்னொரு இடம். ஊரே ஓடிப்போன பிறகு ஒரு வீட்டில் ஒரு சிறுமி அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு சின்ன டைட்டன் அவளுடைய அம்மாவை மெதுவாகத் தின்றுகொண்டிருக்கிறது. அம்மாவால் நடக்க முடியாது, ஊர்க்காரர்கள் தெரிந்தே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சாஷா என்ற பெண் வீராங்கனை வந்து அந்தச் சிறுமியைக் காப்பாற்றுகிறாள். அந்தச் சிறுமி பெயர் காயா. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் சீசனில் நகத்தைப் பிடுங்கிச் சித்திரவதை செய்யும் காட்சி வருகிறது. செய்கிறவர்கள் நாயகன் பக்கத்து ஆட்கள். அப்புறம் கதை மெல்லத் திரும்புகிறது. டைட்டன்கள் எல்லாம் ஒருகாலத்தில் மனிதர்கள்தான் என்பதும், சுவருக்கு அப்பால் ஒரு முழு உலகமே இருக்கிறது என்பதும் தெரியவருகிறது. 2020 டிசம்பரில் தொடங்கிய கடைசி சீசனில் எதிரி நாட்டுப் பிள்ளைகளின் வீட்டுக்குள்ளேயே நம்மைக் கொண்டுபோய் உட்காரவைக்கிறார்கள். அங்கே ஒரு இனத்து மக்களைக் கையில் பட்டை கட்டவைத்து, அடைத்துவைத்த பகுதியில் வாழச் செய்திருக்கிறார்கள். நாஜிகள் காலத்து யூதர்கள் ஞாபகத்துக்கு வராமல் போகாது. அங்கிருந்து காபி என்ற 12 வயதுச் சிறுமி வருகிறாள். எரன் அவளுடைய ஊரைத் தாக்க, அவள் பழிவாங்கக் கிளம்பி, நமக்குப் பிடித்த சாஷாவைச் சுட்டுக் கொல்கிறாள். காபி செய்ததும், அம்மா செத்தபின் இரண்டாம் எபிசோடில் எரன் சபதம் போட்டதும் ஒன்றுதான். அப்போது நாம் அவனுக்குக் கைதட்டினோம்.

பிறகு சாஷாவின் அப்பா முன்னால் காபியை நிறுத்துகிறார்கள். கொல்ல அவருக்கு வாய்ப்பு கொடுக்கிறார்கள். அவர் மறுக்கிறார். உலகம் ஒன்றையொன்று வேட்டையாடும் காடாக இருக்கிறது, பிள்ளைகளையாவது அதிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும், பழைய பாவங்களைப் பெரியவர்கள் சுமக்க வேண்டும் என்ற கருத்தில் பேசுகிறார். அதே இடத்தில் காபியைக் கத்தியால் குத்தப் பாய்வது யார் தெரியுமா? அந்தக் காயா.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், முதல் சில சீசன்கள் பார்ப்பவரை வெறுக்கப் பழக்குகின்றன. இசையும் வேகமும் அப்படி. எதிரியை ஒருவர் விடாமல் அழிப்பேன் என்று எரன் சொல்லும்போது உடம்பு சிலிர்க்கிறது. கடைசி சீசன் அந்தச் சிலிர்ப்பை எடுத்து நம் முகத்துக்கு எதிரே பிடிக்கிறது. எரனே உலக மக்களில் பெரும்பகுதியை மிதித்து அழிக்கிறான். தான் கொல்லப்போகும் ஓர் அகதிச் சிறுவனிடம் முன்கூட்டியே அழுது மன்னிப்புக் கேட்கிறான். பிறகு அந்தச் சிறுவன் சாவதையும் காட்டுகிறார்கள். முழுதாகப் பார்த்துப் புரிந்துகொண்ட 16, 17 வயதுப் பிள்ளைக்கு, வெறுப்பு எப்படிக் கைமாறுகிறது என்பதை இவ்வளவு ஆழமாகச் சொல்லும் கதை அபூர்வம். பாதியில் நின்றுவிட்ட 13 வயதுப் பிள்ளைக்குக் கையில் மிஞ்சுவது வெறுப்பும் வீரமும்தான். கடைசிவரை பார்த்தும் எரன் செய்தது சரி என்று வாதாடும் பிள்ளைகளை நான் சந்தித்திருக்கிறேன். அவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை. தனியாகப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அதனால்தான் முதல் சீசனுக்கு ஒரு வயதும் கடைசி சீசனுக்கு இன்னொரு வயதும் சொல்கிறேன்.

இந்த இடத்தில் உங்கள் 16 வயது மகனையும் கொஞ்சம் கவனியுங்கள். அவனைத் தடுக்காதது சரி. ஆனால் அவனோடும் யாரும் பேசவில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது அந்த வரி. போன வருடம் உங்களுக்கு ஆபரேஷன், நாலைந்து மாதம் ஆஸ்பத்திரியும் வீடும், அந்தச் சமயத்தில்தான் இந்தப் பழக்கம். அவளை யாரும் கவனிக்காததால் அனிமேயில் விழுந்துவிட்டாள் என்று நீங்கள் குற்ற உணர்ச்சியோடு எழுதியதாக எனக்குப் படுகிறது. நான் அதை வேறுமாதிரி வாசிக்கிறேன். அம்மாவை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் பல மாதம் இருந்த பெண் அவள். அவள் பார்க்கத் துடிக்கும் தொடர், எழுந்து ஓட முடியாத ஓர் அம்மாவை விட்டுவிட்டுப் பிள்ளைகள் ஓடவேண்டியிருந்த கதை. வகுப்பில் எல்லோரும் இதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றால் இந்தக் காட்சி அவளுக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

இது இரண்டு விதமாக நடக்கும். சில பிள்ளைகள் தங்கள் பயத்தைக் கதையில் தேடிப்போகிறார்கள். நிஜத்தில் வாய்விட்டு அழ முடியாததைத் திரையில் ஒருவன் தங்களுக்காகக் கத்தி அழுவதைப் பார்த்துக் கொஞ்சம் லேசாகிறார்கள். இது நல்லதே. வேறு சில பிள்ளைகளுக்கு அதே காட்சி ஆறாத புண்ணைக் கிளறிவிட்டுவிடும். இரவில் எழுந்து வந்து நீங்கள் மூச்சு விடுகிறீர்களா என்று பார்ப்பார்கள். உங்கள் மகள் இதில் எந்தப் பக்கம் என்று எந்த வயது முத்திரையும் சொல்லாது. நீங்கள் அவளிடம் கேட்டால் தெரியும். தொடரைப் பற்றி இல்லை, அந்த நாலைந்து மாதத்தைப் பற்றிக் கேளுங்கள். “நான் ஆஸ்பத்திரியில் இருந்தப்போ உனக்கு எப்படி இருந்துச்சு?” என்று இதுவரை யாராவது அவளிடம் கேட்டார்களா? அந்தப் பேச்சு நடந்து முடியும்வரை இந்த முதல் எபிசோடைத் தள்ளிப்போடுங்கள். அவள் அதைப் பேச முடிகிறவளாக இருந்தால், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முதல் சீசனைத் தொடங்கலாம். வாயே திறக்காமல் எழுந்து போய்விட்டால் இன்னும் ஒரு வருடம் போகட்டும்.

இன்னொன்று, தொடரை நீங்கள் தடுத்தாலும் துணுக்குகளைத் தடுத்திருக்க மாட்டீர்கள். போனில் ஓடும் குட்டி வீடியோக்களில் இந்தத் தொடரின் மிகக் கொடூரமான அரை நிமிடங்கள் பாட்டு சேர்த்து, மெதுவாக ஓடவிட்டு, எரனைக் கடவுளாக்கிச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் சாவு உண்டு, அழுகிறவர் இல்லை. முழு எபிசோடைவிட அதைத்தான் நான் அஞ்சுகிறேன். இதுவரை எவ்வளவு பார்த்திருக்கிறாய் என்று திட்டாமல் கேளுங்கள். பதில் உங்களைத் திடுக்கிட வைக்கலாம்.

சேர்ந்து பார்ப்பது என்று முடிவானால் சில நடைமுறை விஷயங்கள். வாரத்துக்கு இரண்டு எபிசோட் போதும். ஒவ்வொன்றும் அந்தரத்தில் நிறுத்தித்தான் முடியும், அடுத்ததைப் பார்க்காமல் கைவிட மனசு வராது; அதனால் தானாக அடுத்தது ஓடும் வசதியை முன்கூட்டியே நிறுத்திவையுங்கள். படுக்கப்போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது முடித்துவிட வேண்டும். அறையில் விளக்கு எரியட்டும். கண்ணை மூடிக்கொள்ளவும், எழுந்து போகவும், “இன்னிக்கு வேண்டாம்” என்று சொல்லவும் அவளுக்கு உரிமை உண்டு, அதை அண்ணன் கேலி செய்யக்கூடாது என்று அவனிடம் தனியாகச் சொல்லிவையுங்கள். பயந்ததை மறைக்கப் பழகிவிட்ட பிள்ளையிடமிருந்து அப்புறம் எதையும் வாங்க முடியாது. பார்த்து முடித்ததும் பாடம் எடுக்காதீர்கள். “இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?” என்ற கேள்விக்கு எந்தப் பதின்ம வயதுப் பிள்ளையும் உண்மையான பதில் சொன்னதில்லை. “உனக்கு யாரைப் பிடிச்சிருக்கு? ஏன்?” என்று கேளுங்கள். மிகாசாவைப் பிடிக்கும், அவள் யாரையும் நம்பி இல்லை என்கிறாளா, எரனின் நண்பன் ஆர்மினைப் பிடிக்கும், அவன் பயந்தாலும் யோசிக்கிறான் என்கிறாளா என்பதில் அவளைப் பற்றி நிறைய இருக்கும். நீங்களும் உங்களுக்குப் பிடித்தவரைச் சொல்லுங்கள். எனக்கு அந்த ஓடிப்போன காவல் வீரர் ஹான்னஸைப் பிடிக்கும்.

அவள் மற்றத் தொடர்களையும் கேட்பாள். ‘டீமன் ஸ்லேயர்’ 13 வயதுக்கு, பெரியவர் துணையோடு, சரி. முதல் எபிசோடிலேயே ஒரு தங்கையைத் தவிரக் குடும்பம் முழுக்கக் கொல்லப்படுகிறது, போகப்போகத் தலைகள் வெட்டப்படுகின்றன. ஆனால் நாயகன் தஞ்சிரோ தான் கொன்ற அரக்கனுக்காகவும் வருந்துகிறான், அதை ஒவ்வொரு முறையும் கதை நின்று காட்டுகிறது. மேலே சொன்ன ‘முகன் டிரெய்ன்’ படத்தில் மட்டும் ஓர் இடத்தில் பக்கத்தில் இருங்கள். மாயக் கனவிலிருந்து விழிக்க, கனவுக்குள் தன் கழுத்தைத் தானே வெட்டிக்கொள்ள வேண்டும் என்று தஞ்சிரோ கண்டுபிடித்து, அதைத் திரும்பத் திரும்பச் செய்கிறான். ஒருமுறை விழித்திருக்கும்போதே கத்தியைக் கழுத்துக்குக் கொண்டுபோக, நண்பன் தடுக்கிறான். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் உள்ள பிள்ளை என்றால் இந்தப் படம் இப்போது வேண்டவே வேண்டாம். பள்ளியில் கேலிக்கும் அடிக்கும் ஆளாகும் பிள்ளைக்கு ‘ஜுஜுட்சு கைசென்’ முதல் சீசனில் வரும் ஜுன்பெய் என்ற மாணவனின் கதை அதேபோல வலிக்கும். ‘காய்ஜு நம்பர் 8’ இவற்றைவிட லேசானது. ராட்சத மிருகங்களின் பிணத்தைச் சுத்தம் செய்யும் வேலையில் இருக்கும் 32 வயது மனிதர் அதன் நாயகன், சிரிப்பும் உண்டு. ‘பாராசைட்’, ‘டோக்கியோ கூல்’ இரண்டும் 16க்குப் பிறகு. முன்னதில் தாயின் உடம்பில் புகுந்த ஒட்டுண்ணி மகனையே தாக்குகிறது. உங்கள் மகளுக்கு அது ஏன் வேண்டாம் என்று நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை. பின்னதில் முதல் சீசன் கடைசியில் ஒரு நீண்ட சித்திரவதை. ‘செயின்சா மேன்’ ரத்தத்தோடு பாலியல் பேரங்களையும் கலக்கிறது. 18 வயது வரை பொறுக்கலாம்.

வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்ததுண்டு என்றால் ரத்தத்தைவிட ஒளிதான் ஆபத்து. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ‘போக்கிமான்’ எபிசோட் ஒன்றில் சிவப்பும் நீலமும் படுவேகமாக மாறிமாறி மின்ன, அன்று மாலையே 685 பேர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அந்தக் குட்டி ராட்சதர்களைவிடச் சாதுவான அனிமே உண்டா? அதன்பிறகு அங்கே மின்னும் காட்சிகளுக்கு விதிமுறை வகுத்தார்கள். சண்டை அனிமேக்களில் இன்றும் மின்னல் வெட்டும் காட்சிகள் நிறைய. அறையில் விளக்கு எரியட்டும், திரையிலிருந்து தள்ளி உட்காரட்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சின்னவனைப் பற்றி ஒரே வார்த்தை: கூடாது. அவன் தூங்கிய பிறகோ, வீட்டில் இல்லாதபோதோ மட்டும் போடுங்கள். செயலியில் அவனுக்குத் தனிக் கணக்கு, மற்றக் கணக்குகளுக்குப் பூட்டு. கதவிடுக்கில் நின்று எட்டிப் பார்ப்பான் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்? டைட்டன் படம் வரைவதற்காக இல்லை, கறுப்புச் சட்டை போடுவதற்காக இல்லை, எந்நேரமும் அதையே பேசுவதற்காகவும் இல்லை. ரசிகர்கள் அப்படித்தான் இருப்பார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டால், விளக்கில்லாமல் படுக்க முடியாமல் போனால், நீங்கள் வெளியே கிளம்பும்போதெல்லாம் பதறினால், தோழிகளை விட்டு ஒதுங்கினால் நிறுத்திவிட்டு என்ன ஆயிற்று என்று பாருங்கள். சாவதைப் பற்றியோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்வதைப் பற்றியோ பேசினால் தொடர் விவகாரம் அப்புறம் இருக்கட்டும்; தாமதிக்காமல் ஒரு மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ நேரில் அழைத்துப் போங்கள்.

இப்போது அவளிடம் என்ன சொல்வது? “அன்னைக்கு நான் பாதியிலேயே அணைச்சிட்டேன். எனக்குப் பயமா இருந்துச்சு, நிஜம்தான். இப்போ அதைப் பற்றித் தெரிஞ்சுக்கிட்டேன். ஒரேயடியா வேண்டாம்னு சொல்ல மாட்டேன், ஆனா தனியா வேண்டாம், மொத்தமாவும் வேண்டாம்” என்று ஆரம்பியுங்கள். கடைசி சீசனுக்கு 16 வயது என்று காரணத்தோடு சொல்லுங்கள். அவள் வாதாடுவாள், வாதாடட்டும்; இத்தனை நாள் முகம் கொடுத்துப் பேசாத பெண் வாதாடுவது முன்னேற்றம்தான். ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றிய பேச்சை அதே மூச்சில் இழுக்காதீர்கள். அதற்கு இன்னொரு நாள், இருவரும் தனியாக இருக்கும் நேரம், கையில் ஏதாவது வேலை இருக்கும்போது கேட்பது நல்லது. முகத்துக்கு முகம் உட்கார்ந்தால் அவளுக்குச் சொல்ல வராது. இரண்டு பேச்சும் முடிந்து அவளும் சம்மதித்தால், பள்ளி விடுமுறை தொடங்கும் வாரத்தில் முதல் எபிசோடைப் போடுங்கள். மறுநாள் காலையில் சீக்கிரம் எழ வேண்டிய அவசரம் இருக்காது.